ஒருதடவை உச்ச எடை மதிப்பீடு

ஒருதடவை உச்ச எடை என்பது ஒருவர் ஒரு குறிப்பிட்ட எடைப் பயிற்சியில், அசைவு முறை குலையாமல், ஒரே ஒரு தடவை மட்டும் தூக்கக்கூடிய மிகக் கூடிய எடை ஆகும். உடற்பயிற்சிக் கூடங்களில் இது "ஒன் ரெப் மேக்ஸ்" என்று வழங்கப்படுகிறது. இதனை இரு வழிகளில் அறியலாம். ஒன்று, எடையைப் படிப்படியாகக் கூட்டி, தூக்க இயலாத நிலை வரும்வரை நேரடியாகச் சோதிப்பது. மற்றொன்று, உச்சத்தைவிடக் குறைவான ஓர் எடையை எத்தனை தடவை தூக்க முடிகிறது என்று எண்ணி, அதிலிருந்து உச்ச எடையைக் கணக்கிடுவது. இரண்டாவது வழியே ஒருதடவை உச்ச எடை மதிப்பீடு எனப்படுகிறது.

இம்மதிப்பீட்டுக்கெனப் பல வாய்ப்பாடுகள் உள்ளன. தூக்கிய தடவைகள் குறைவாக இருக்கும்போது அவை ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. தடவைகள் பத்தைத் தாண்டியதும் அவற்றின் விடைகள் வேகமாக விலகிச் செல்கின்றன. எனவே எந்த வாய்ப்பாட்டைப் பயன்படுத்துவது என்பதைவிட, எத்தனை தடவைகள் கொண்ட செட்டிலிருந்து கணக்கிடுவது என்பதே விடையின் நம்பகத்தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

## கலைச்சொற்கள்

* தடவை - எடையை ஒரு முறை தூக்கி இறக்கும் முழு அசைவு. பயிற்சிக் கூட வழக்கில் "ரெப்".
* செட் - இடையில் ஓய்வு இன்றித் தொடர்ந்து செய்யப்படும் தடவைகளின் தொகுதி.
* இயலாநிலை - மேலும் ஒரு தடவை கூடச் சரியான முறையில் தூக்க இயலாத நிலை.
* பத்துத்தடவை உச்ச எடை - பத்துத் தடவை தூக்க இயன்று, பதினோராவது தடவை தூக்க இயலாத எடை. ஐந்துத்தடவை, மூன்றுதடவை உச்ச எடைகளும் இவ்வாறே வரையறுக்கப்படும்.
* செறிவு - தூக்கும் எடை, ஒருதடவை உச்ச எடையில் எத்தனை விழுக்காடு என்பது.

## வரலாறு

உச்ச எடையைத் தடவைகளின் எண்ணிக்கையோடு சேர்த்துக் குறிக்கும் வழக்கம் அமெரிக்க இராணுவ மருத்துவரான தாமஸ் டெலோர்ம் என்பவரால் பரவலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் இருந்த இராணுவ மருத்துவமனை ஒன்றில், காயமுற்ற வீரர்களின் தசை வலிமையை மீட்க அவர் கனமான எடைகளைப் பயன்படுத்தினார். காயம்பட்ட காலுக்கு மென்மையான பயிற்சியே ஏற்றது என்று கருதப்பட்ட காலம் அது. அவருடைய முறை 1945 ஆம் ஆண்டில் எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. நோயாளியின் பத்துத்தடவை உச்ச எடையை அளந்து, அதை அடிப்படையாகக் கொண்டு பயிற்சி எடையை அவர் அமைத்தார். ஆர்தர் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து 1948 இல் அவர் வெளியிட்ட திருத்திய முறையில் மூன்று செட்டுகள் இருந்தன. அவற்றில் பத்துத்தடவை உச்ச எடையில் முறையே 50, 75, 100 விழுக்காடு தூக்கப்பட்டது. இன்றைய "விழுக்காட்டு முறை"ப் பயிற்சித் திட்டங்களின் முன்னோடி இதுவே.

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளில் எடைப் பயிற்சி பரவியபோது, ஏராளமான மாணவர்களின் உச்ச எடையைக் குறைந்த நேரத்தில் அறியும் தேவை எழுந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1969 முதல் வலிமைப் பயிற்றுநராக இருந்த பாய்ட் எப்லி, 1978 இல் தேசிய வலிமைப் பயிற்றுநர் சங்கத்தை நிறுவியவர் ஆவார். 1985 இல் அவர் வெளியிட்ட எடை அட்டவணையின் அடிப்படையான வாய்ப்பாடு இன்று அவர் பெயராலேயே அறியப்படுகிறது. 1989 இல் லொம்பார்டியும், ஓ'கானரும் அவர் குழுவினரும், 1992 இல் மேஹியூவும் அவர் குழுவினரும், 1993 இல் மாட் பிரிசிக்கியும், 1994 இல் வாதனும் தத்தம் வாய்ப்பாடுகளை வெளியிட்டனர்.

## உடலியல் அடிப்படை

எடை குறையும்போது தூக்கக்கூடிய தடவைகள் கூடுகின்றன. இதற்குக் காரணம் தசை இழைகள் பணிக்கு அழைக்கப்படும் ஒழுங்கு ஆகும். ஒரு நரம்புயிர்க்கலமும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு எனப்படும். தேவைப்படும் விசை சிறிதாக இருக்கும்போது, எளிதில் களைக்காத சிறிய அலகுகள் இயங்கும். விசை கூடும்போது, வலிமை மிக்க, ஆனால் விரைவில் களைக்கும் பெரிய அலகுகள் சேர்க்கப்படும். எல்வுட் ஹென்னெமனும் அவர் குழுவினரும் 1965 இல் விரிவாக விளக்கிய இவ்வொழுங்கு அளவு நெறி எனப்படுகிறது.

உச்ச எடையைத் தூக்கும்போது ஏறத்தாழ எல்லா அலகுகளும் முதல் தடவையிலேயே தேவைப்படுகின்றன. எனவே இரண்டாவது தடவைக்குக் கையிருப்பு இல்லை. எடை குறைவானால் சில அலகுகள் மிஞ்சி நிற்கும். முதலில் இயங்கியவை களைக்கக் களைக்க, மிஞ்சியவை அவற்றின் இடத்தை நிரப்பும். எல்லா அலகுகளும் சேர்ந்தும் அந்த எடைக்குத் தேவையான விசையைத் தர முடியாத கணமே இயலாநிலை ஆகும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. மூன்று அல்லது ஐந்து தடவைகளில் முடியும் செட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வலிமையே. இருபது தடவை நீளும் செட்டைத் தீர்மானிப்பதில் இரத்த ஓட்டம், தசையில் சேரும் கழிவுகள், மூச்சு, பொறுமை ஆகியவையும் பங்கு கொள்கின்றன. அதாவது, நீண்ட செட் ஒருவரின் வலிமையை விடத் தாங்குதிறனையே மிகுதியாக அளக்கிறது. வாய்ப்பாடு அதனை வலிமையாகவே கருதிக் கணக்கிடுகிறது.

## வாய்ப்பாடுகள்

கீழுள்ள வாய்ப்பாடுகளில் உ என்பது ஒருதடவை உச்ச எடை, எ என்பது தூக்கிய எடை, த என்பது இயலாநிலைக்கு முன் முடித்த தடவைகள். ^ என்னும் குறி அடுக்கைக் காட்டும். 2.718 என்பது இயல் மடக்கையின் அடியெண்ணின் தோராய மதிப்பு.

* எப்லி: உ = எ × (1 + த ÷ 30)
* பிரிசிக்கி: உ = எ × 36 ÷ (37 − த)
* லொம்பார்டி: உ = எ × த^0.10
* ஓ'கானர்: உ = எ × (1 + த ÷ 40)
* மேஹியூ: உ = 100 × எ ÷ (52.2 + 41.9 × 2.718^(−0.055 × த))
* வாதன்: உ = 100 × எ ÷ (48.8 + 53.8 × 2.718^(−0.075 × த))

எப்லி, ஓ'கானர் வாய்ப்பாடுகள் நேர்கோட்டு வகையின. ஒவ்வொரு கூடுதல் தடவைக்கும் தூக்கிய எடையில் முறையே முப்பதில் ஒரு பங்கும் நாற்பதில் ஒரு பங்கும் கூட்டப்படுகின்றன. பிரிசிக்கி வாய்ப்பாட்டில் செறிவே நேர்கோடாகக் குறைகிறது. ஒவ்வொரு கூடுதல் தடவைக்கும் செறிவு சுமார் 2.78 விழுக்காடு குறைவதாக அது கொள்கிறது. லொம்பார்டி வாய்ப்பாடு அடுக்கு வகை. மேஹியூ, வாதன் வாய்ப்பாடுகள் படிக்குறி வளைவுகள்.

எப்லி, பிரிசிக்கி ஆகிய இரண்டும் த = 10 என்னும் ஒரே இடத்தில் சமமாகின்றன. அங்கு இரண்டும் தூக்கிய எடையின் மூன்றில் நான்கு மடங்கைத் தரும். பத்துக்குக் கீழே எப்லி கூடுதலாகவும், பத்துக்கு மேலே பிரிசிக்கி கூடுதலாகவும் மதிப்பிடுகின்றன.

ஒரே ஒரு தடவை தூக்கிய எடைக்கு இவ்வாய்ப்பாடுகளைப் பயன்படுத்தலாகாது. த = 1 எனக் கொண்டால் உ = எ என்றே வரவேண்டும். பிரிசிக்கி, லொம்பார்டி வாய்ப்பாடுகள் அவ்வாறு தருகின்றன. எப்லி வாய்ப்பாடு 3.3 விழுக்காடும், மேஹியூ வாய்ப்பாடு சுமார் 9 விழுக்காடும் கூடுதலாகக் காட்டுகின்றன.

### ஒப்பீடு

60 கிலோகிராம் எடையை வெவ்வேறு எண்ணிக்கையில் தூக்கியதாகக் கொண்டால், ஒவ்வொரு வாய்ப்பாடும் தரும் உச்ச எடை (கிலோகிராமில்) பின்வருமாறு:

| வாய்ப்பாடு | 3 தடவை | 5 தடவை | 10 தடவை | 15 தடவை | 20 தடவை |
|---|---|---|---|---|---|
| எப்லி | 66.0 | 70.0 | 80.0 | 90.0 | 100.0 |
| பிரிசிக்கி | 63.5 | 67.5 | 80.0 | 98.2 | 127.1 |
| லொம்பார்டி | 67.0 | 70.5 | 75.5 | 78.7 | 81.0 |
| ஓ'கானர் | 64.5 | 67.5 | 75.0 | 82.5 | 90.0 |
| மேஹியூ | 68.4 | 71.4 | 78.6 | 85.0 | 90.7 |
| வாதன் | 65.4 | 69.9 | 80.8 | 90.5 | 98.7 |
| மிகப்பெரிய வேறுபாடு | 4.9 | 3.9 | 5.8 | 19.5 | 46.1 |

ஐந்து தடவைக்கான நிரலில் ஆறு வாய்ப்பாடுகளும் 4 கிலோகிராம் இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. இருபது தடவைக்கான நிரலில் மிகச் சிறிய விடைக்கும் மிகப் பெரிய விடைக்கும் இடையே 46 கிலோகிராம் வேறுபாடு உள்ளது. 60 கிலோகிராமை இருபது தடவை தூக்கிய ஒருவர், பிரிசிக்கி வாய்ப்பாட்டை நம்பி 125 கிலோகிராமைப் பெஞ்சில் ஏற்றினால் அது அவர் மார்பின்மேல் விழ வாய்ப்பு மிகுதி.

### வாய்ப்பாடு உடையும் இடம்

பிரிசிக்கி வாய்ப்பாட்டின் பகுதி 37 − த என்பதாகும். எனவே 37 தடவைகளுக்கு விடை வரையறுக்க இயலாததாகிறது. அதற்கு மேல் விடை எதிர்ம எண்ணாக மாறுகிறது. இது வெறும் கணித விந்தை அன்று. அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முகாமில் 225 பவுண்டு (சுமார் 102 கிலோகிராம்) எடையைப் பெஞ்ச் பிரஸ் முறையில் எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று சோதிப்பது வழக்கம். 1999 ஆம் ஆண்டு முகாமில் ஜஸ்டின் எர்னஸ்ட் என்பவர் 51 தடவை தூக்கினார். இதை எப்லி வாய்ப்பாட்டில் இட்டால் சுமார் 276 கிலோகிராமும், லொம்பார்டி வாய்ப்பாட்டில் இட்டால் சுமார் 151 கிலோகிராமும் உச்ச எடையாக வருகின்றன. பிரிசிக்கி வாய்ப்பாடு −262 கிலோகிராம் என்கிறது. இவற்றுள் எதையும் அவருடைய உச்ச எடையாகக் கொள்வதற்கில்லை. ஐம்பது தடவை நீளும் செட் உச்ச எடையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

## விழுக்காட்டு அட்டவணை

வாய்ப்பாட்டுக்கு மாற்றாக அட்டவணைகளும் பயன்படுகின்றன. வலிமைப் பயிற்சிப் பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் அட்டவணை இது:

| தடவைகள் | செறிவு (விழுக்காடு) |
|---|---|
| 1 | 100 |
| 2 | 95 |
| 3 | 93 |
| 4 | 90 |
| 5 | 87 |
| 6 | 85 |
| 8 | 80 |
| 10 | 75 |
| 12 | 67 |

தூக்கிய எடையை உரிய செறிவால் வகுத்தால் உச்ச எடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 80 கிலோகிராமை 8 தடவை தூக்கினால், 80 ÷ 0.80 = 100 கிலோகிராம்.

## துல்லியம்

### பயிற்சி வகையால் வரும் வேறுபாடு

ஒரே செறிவில் எல்லாப் பயிற்சிகளையும் ஒரே எண்ணிக்கையில் செய்ய முடிவதில்லை. ஹோகரும் அவர் குழுவினரும் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெறாத ஆண்கள் 80 விழுக்காட்டுச் செறிவில் லெக் பிரஸ் பயிற்சியைச் சராசரியாகச் சுமார் 15 தடவையும், பெஞ்ச் பிரஸ் பயிற்சியைச் சுமார் 10 தடவையும், முழங்காலை மடக்கும் லெக் கர்ல் பயிற்சியைச் சுமார் 6 தடவையும் செய்தனர். ஆகவே பெஞ்ச் பிரஸ்ஸுக்கென உருவான வாய்ப்பாட்டை லெக் பிரஸ்ஸுக்குப் பயன்படுத்தினால் விடை கூடுதலாகவும், லெக் கர்லுக்குப் பயன்படுத்தினால் குறைவாகவும் வரும்.

லெசூரும் அவர் குழுவினரும் 1997 இல் ஏழு வாய்ப்பாடுகளைப் பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட், டெட்லிஃப்ட் ஆகிய மூன்று பயிற்சிகளில் சோதித்தனர். 67 கல்லூரி மாணவர்கள் இதில் பங்கேற்றனர். கணக்கிட்ட எடைக்கும் நேரில் தூக்கிய எடைக்கும் இடையிலான ஒட்டுறவு எல்லா வாய்ப்பாடுகளிலும் 0.95 க்கு மேல் இருந்தது. எனினும் டெட்லிஃப்டில் ஏழு வாய்ப்பாடுகளும் உண்மை எடையைவிடக் குறைவாகவே மதிப்பிட்டன. ஒட்டுறவு உயர்ந்திருப்பதனால் மட்டும் ஒரு வாய்ப்பாடு சரியான எடையைத் தருவதாகக் கொள்ள முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. எல்லோருக்கும் ஒரே அளவு குறைத்துக் காட்டும் வாய்ப்பாட்டிலும் ஒட்டுறவு உயர்வாகவே இருக்கும்.

### ஆளால் வரும் வேறுபாடு

ரிச்சன்ஸ், கிளெதர் ஆகியோர் 2014 இல் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களையும் பளுதூக்குவோரையும் ஒப்பிட்டனர். லெக் பிரஸ் பயிற்சியில் 70 விழுக்காட்டுச் செறிவில் ஓட்டக்காரர்கள் சராசரியாகச் சுமார் 40 தடவையும், பளுதூக்குவோர் சுமார் 18 தடவையும் செய்தனர். இவ்வெண்களை எப்லி வாய்ப்பாட்டில் இட்டுப் பார்த்தால், பளுதூக்குவோரின் உச்ச எடை சுமார் 12 விழுக்காடு கூடுதலாக வரும். ஓட்டக்காரரின் உச்ச எடை உண்மையைவிட 63 விழுக்காடு கூடுதலாக வரும். தாங்குதிறன் மிக்கவருக்கு நீண்ட செட் எவ்வளவு தவறான விடையைத் தரும் என்பது இதனால் விளங்கும்.

பால், வயது, பயிற்சி அனுபவம் ஆகியவை இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துவதில்லை. நூசோவும் அவர் குழுவினரும் 2024 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 269 ஆய்வுகளில் இடம்பெற்ற 7,289 பேரின் தரவுகளைத் திரட்டியது. செறிவுக்கும் தடவைகளுக்கும் உள்ள தொடர்பை அம்மூன்றும் பெரிதாக மாற்றவில்லை என்றும், பயிற்சி வகை மாற்றியது என்றும் அது கண்டது. எடை குறையக் குறைய ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கூடியது.

### தடவைகளின் எண்ணிக்கை

ரெனால்ட்ஸ், கார்டன், ராபர்க்ஸ் ஆகியோரின் 2006 ஆம் ஆண்டு ஆய்வு, ஐந்துத்தடவை உச்ச எடையிலிருந்து செய்த மதிப்பீடே பத்து, இருபது தடவைகளிலிருந்து செய்ததைவிடத் துல்லியமானது என்று கண்டது. பத்துத் தடவைக்கு மேற்பட்ட செட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அது பரிந்துரைத்தது.

### நேரடிச் சோதனையின் துல்லியம்

நேரடியாகச் சோதித்த உச்ச எடையும் மாறாத எண் அன்று. கர்கிச்சும் அவர் குழுவினரும் 2020 இல் வெளியிட்ட முறைசார் மீளாய்வின்படி, அடுத்தடுத்த சோதனைகளுக்கு இடையிலான மாறுபாட்டுக் கெழுவின் இடைநிலை மதிப்பு 4.2 விழுக்காடு ஆகும். 100 கிலோகிராம் தூக்கும் ஒருவர் வேறொரு நாளில் 96 அல்லது 104 கிலோகிராம் தூக்குவது இயல்பே. எனவே ஐந்து தடவை கொண்ட செட்டிலிருந்து வரும் மதிப்பீடு, நேரடிச் சோதனையை விட மிக மோசமானது அன்று. மதிப்பீட்டைத் தசமப் புள்ளிக்குப் பின் எழுதி வைப்பதிலும் பொருள் இல்லை.

## மதிப்பிடும் முறை

1. பயிற்சியின் அசைவு முறையை நன்கு கற்ற பின்பே சோதிக்க வேண்டும். புதியவருக்கு முதல் சில வாரங்களில் எடை கூடுவது பெரும்பாலும் அசைவைக் கற்பதாலேயே.
2. இலகுவான எடைகளில் தொடங்கி இரண்டு மூன்று செட்டுகள் செய்து உடலைச் சூடாக்கிக் கொள்ள வேண்டும். இவற்றில் களைப்பு வரக்கூடாது.
3. சில நிமிட ஓய்வுக்குப் பின், மூன்று முதல் எட்டுத் தடவை வரை தூக்க இயலும் எனக் கருதும் எடையை ஏற்ற வேண்டும்.
4. முறை குலையாத தடவைகளை மட்டுமே எண்ண வேண்டும். மார்பில் பட்டுத் துள்ளிய தடவை, துணையாள் கை கொடுத்த தடவை, பாதி ஆழத்தில் நின்ற ஸ்குவாட் ஆகியவை கணக்கில் சேரா.
5. எட்டுத் தடவைக்கு மேல் போனால், நன்கு ஓய்வெடுத்து, எடையைக் கூட்டி மீண்டும் சோதிக்கலாம். மறுநாளுக்குத் தள்ளி வைப்பது மேலும் நல்லது.

எடையைக் கணக்கிடும்போது பார்பெல் கம்பியின் எடையையும் சேர்க்க வேண்டும். போட்டிகளில் ஆண்களுக்கான கம்பி 20 கிலோகிராமும் பெண்களுக்கான கம்பி 15 கிலோகிராமும் இருக்கும். எல்லாப் பயிற்சிக் கூடங்களிலும் கம்பி அந்த எடையில் இருக்கும் என்று கொள்ள முடியாது. தராசில் நிறுத்து அறிவதே சரி.

### எடுத்துக்காட்டு

ஒருவர் கம்பியோடு சேர்த்து 50 கிலோகிராமை 6 தடவை பெஞ்ச் பிரஸ் செய்கிறார் எனக் கொள்வோம்.

* எப்லி: 50 × (1 + 6 ÷ 30) = 60.0
* பிரிசிக்கி: 50 × 36 ÷ 31 = 58.1

சராசரி சுமார் 59 கிலோகிராம். இவருடைய பயிற்சித் திட்டம் 75 விழுக்காட்டுச் செறிவைக் கேட்டால் 44 கிலோகிராம் வரும். 1.25 கிலோகிராம் தட்டுகள் இருபுறமும் சேரும்போது 2.5 கிலோகிராம் கூடும் என்பதால், 42.5 அல்லது 45 கிலோகிராம் ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டு வாய்ப்பாடுகளுக்கும் இடையிலான 1.9 கிலோகிராம் வேறுபாடு இந்த முழுமையாக்கலில் கரைந்துவிடுகிறது.

### உடல் எடைப் பயிற்சிகள்

புல்-அப், டிப்ஸ் போன்றவற்றில் உடலின் எடையே பெரும்பாலான சுமை ஆகும். எனவே உடல் எடையைச் சேர்த்துக் கணக்கிட்டு, இறுதியில் அதைக் கழிக்க வேண்டும். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் இடுப்பில் 10 கிலோகிராம் கட்டிக்கொண்டு 5 புல்-அப் செய்தால், எப்லி வாய்ப்பாட்டின்படி 80 × (1 + 5 ÷ 30) = 93.3. இதில் 70 ஐக் கழித்தால், கட்டிக்கொள்ளக்கூடிய உச்ச எடை சுமார் 23 கிலோகிராம். கட்டிய எடையை மட்டும் வாய்ப்பாட்டில் இட்டால் சுமார் 12 கிலோகிராம் என்று தவறான விடை வரும்.

## பிற மதிப்பீட்டு முறைகள்

### கையிருப்புத் தடவைகள்

இயலாநிலை வரை செல்லாமலும் மதிப்பிடலாம். செட்டை முடித்ததும் இன்னும் எத்தனை தடவை தூக்கியிருக்க முடியும் என்று தூக்கியவரே கணிப்பார். இது கையிருப்புத் தடவை எனப்படும். சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் உருவாக்கிய உழைப்புணர்வு அளவுகோலின் வழிவந்த கருத்து இது. 60 கிலோகிராமை 5 தடவை தூக்கி, கையிருப்பு 2 எனக் கணித்தால், த = 7 எனக் கொண்டு எப்லி வாய்ப்பாட்டில் 74 கிலோகிராம் கிடைக்கும். இம்முறையின் துல்லியம் கணிப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது. இயலாநிலைக்கு அருகே செல்லச் செல்லக் கணிப்பு மேம்படும்.

### தூக்கும் வேகம்

எடை கூடக் கூட, முழு முயற்சியோடு தூக்கினாலும் வேகம் குறையும். கோன்சாலஸ்-பதிலியோ, சான்செஸ்-மெதினா ஆகிய எசுப்பானிய ஆய்வாளர்கள் 2010 இல் பெஞ்ச் பிரஸ் பயிற்சியில் செறிவுக்கும் வேகத்துக்கும் மிக நெருங்கிய தொடர்பு உள்ளதைக் காட்டினர். உச்ச எடையைத் தூக்கும்போது கம்பியின் சராசரி வேகம் வினாடிக்கு 0.16 மீட்டர் அளவில் இருந்தது.

ஒருவர் முழு முயற்சியோடு 40 கிலோகிராமை வினாடிக்கு 0.90 மீட்டர் வேகத்திலும், 60 கிலோகிராமை 0.50 மீட்டர் வேகத்திலும் தூக்குவதாகக் கொள்வோம். ஒரு கிலோகிராமுக்கு 0.02 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. வேகம் 0.16 க்கு இறங்க மேலும் 17 கிலோகிராம் வேண்டும். ஆகவே உச்ச எடை சுமார் 77 கிலோகிராம். இம்முறையில் களைப்பு ஏற்படுவதில்லை. ஆனால் வேகமானி தேவை. எல்லாப் பயிற்சிகளுக்கும் இது ஒரே அளவில் பொருந்துவதும் இல்லை. ஸ்குவாட் பயிற்சியில் இது உண்மையான உச்ச எடையை மிகைப்படுத்துவதாகப் பன்யார்டும் அவர் குழுவினரும் 2017 இல் கண்டனர்.

## பாதுகாப்பு

உச்ச எடையை நேரில் தூக்குவதைத் தவிர்ப்பதே மதிப்பீட்டு முறையின் முதன்மை நோக்கம். எனினும் எடை குறைவு என்பதாலேயே அது ஆபத்தற்றது ஆகாது. இயலாநிலை வரை செல்லும் எந்தச் செட்டிலும் கடைசித் தடவை பாதியில் நின்றுவிடக்கூடும். பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பி மார்பின்மேலோ கழுத்தின்மேலோ சிக்கிக்கொள்ளும். எனவே துணையாள் அல்லது சரியான உயரத்தில் பொருத்திய தாங்கு கம்பிகள் இன்றி இச்சோதனையைச் செய்யலாகாது. ஸ்குவாட்டுக்கும் இது பொருந்தும்.

இரத்த அழுத்தமும் கருதத்தக்கது. மெக்டூகலும் அவர் குழுவினரும் 1985 இல் ஐந்து உடற்கட்டு வீரர்களின் தமனியில் நேரடியாக அளந்தபோது, இரு கால்களாலும் செய்த லெக் பிரஸ் பயிற்சியில் உச்ச அழுத்தம் சராசரியாக 320/250 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டியது. தடவைகள் தொடரத் தொடர அழுத்தம் ஏறியதால், இயலாநிலை வரை நீளும் செட் ஒற்றைத் தூக்கைவிட இதயத்துக்கு எளிதானது என்று கருத முடியாது. மூச்சை அடக்கித் தூக்குவது அழுத்தத்தை மேலும் கூட்டும். இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், குடலிறக்கம் ஆகியவை உள்ளோர் மருத்துவரின் ஆலோசனையின்றி இரு சோதனைகளையும் செய்யலாகாது.

மதிப்பிட்ட எண்ணைத் தூக்கி மெய்ப்பிக்க முயலும்போதே பெரும்பாலான சிக்கல் எழுகிறது. மதிப்பீடு பயிற்சி எடையைத் திட்டமிட உதவும் எண். அந்த எடையைத் தூக்க முடியும் என்பதற்கான உறுதிமொழி அன்று. உச்ச எடையைத் தூக்கியே ஆகவேண்டிய போட்டியாளரும், மதிப்பீட்டில் 90 விழுக்காட்டு அளவில் தொடங்கிச் சிறு படிகளாக ஏறுவதே முறை.

## பயன்கள்

* பயிற்சித் திட்டத்தில் விழுக்காட்டில் தரப்படும் எடைகளைக் கிலோகிராமுக்கு மாற்றுதல்.
* வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு எடை, தடவைகளில் செய்த செட்டுகளை ஒரே அளவில் ஒப்பிட்டு முன்னேற்றத்தை அறிதல். இதற்கு எந்த வாய்ப்பாடாயினும் ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்.
* காயத்திலிருந்து மீள்வோரின் வலிமையை, உச்ச எடையைத் தூக்கச் செய்யாமல் கண்காணித்தல்.
* பளுதூக்கும் போட்டிகளில் முதல் முயற்சிக்கான எடையைத் தேர்ந்தெடுத்தல்.

வலிமையை ஒப்பிட்டுத் தகுதி வழங்கும் இடங்களில், குறிப்பாகப் போட்டிகளிலும் தேர்வுகளிலும், மதிப்பிட்ட எடை நேரில் தூக்கிய எடைக்கு ஈடாக ஏற்கப்படுவதில்லை.

## இவற்றையும் பார்க்க

* எடைப் பயிற்சி
* பளுதூக்குதல்
* பெஞ்ச் பிரஸ்
* இயக்க அலகு
* ஒட்டுறவு